செய்தி சொல்லக்கூடாத ஊர் வானொலி

சென்னையில் கிண்டிப் பக்கம் 90.4-க்குத் திருகினால் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வரும். பாம்பனில் அதே 90.4-இல் மீனவர்களுக்கான 'கடல் ஓசை'. கேரளத்தின் வயநாட்டில் அதே எண்ணில் 'ரேடியோ மாட்டொலி'. அங்கே மலையாளத்தோடு பழங்குடி மக்களின் மொழிகளும் கேட்கும். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் போனால் அதே எண்ணில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ'. இவை ஒரே நிறுவனத்தின் கிளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றின் ஒலி மற்றதை எட்டவே எட்டாது. அதனால்தான் ஒரே எண்ணை ஊருக்கு ஊர் ஒதுக்கித் தர முடிகிறது.

இவற்றுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் சமுதாய வானொலி. பரப்பும் ஆற்றல் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக்கூடாது. கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நிலம் சமமாக இருந்தால் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். நடுவே குன்று நின்றால் அதுவும் குறையும். தனிநபரோ, அரசியல் கட்சியோ, லாபத்துக்கு நடக்கும் நிறுவனமோ இதைத் தொடங்க முடியாது. கல்வி நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், அந்தப் பகுதியில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வேலை செய்த தொண்டு அமைப்புகள் தொடங்கலாம். ஒலிபரப்பில் பாதியாவது அந்த ஊர் மக்களின் பங்கேற்போடு உருவானதாக இருக்க வேண்டும். நாடு முழுக்க இப்படிச் சுமார் ஐந்நூறு நிலையங்கள் இயங்குகின்றன.

இந்த அனுமதி வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. 1993-இல் நடந்த ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் யார் காட்டுவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் சண்டை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. வானலைகள் பொதுச்சொத்து, அரசு மட்டுமே அவற்றைக் கட்டி ஆளக்கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கிராமங்களில் வானொலி கேட்டுப் போராடியவர்கள் டெல்லியின் கதவைத் தட்டினார்கள். 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாக வானொலியாகத் தொடங்கியது. தொண்டு அமைப்புகளுக்கான அனுமதிக்கு 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தில் ஆட்கள் சும்மா இருந்துவிடவில்லை. சங்கம் ரேடியோவை நடத்தும் தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பைச் சேர்ந்த பெண்கள், யுனெஸ்கோ உதவியோடு மச்சனூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடமே கட்டிவிட்டார்கள். கூடம் இருக்கிறது, ஒலிபரப்ப உரிமம் இல்லை. சிறுதானியம், விதை, கூலி, மருந்து, பாட்டு என்று பேசிப் பதிந்த கேசட்டுகளை ஊர் ஊராக எடுத்துப்போய்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். பத்தாண்டு போல இப்படியே ஓடியது. 2008 அக்டோபர் 15-ஆம் தேதிதான் அவர்களுடைய குரல் வானில் ஏறியது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பூதிக்கோட்டை மக்கள் வேறொரு வழி கண்டார்கள். வானலைக்குத்தானே உரிமம் வேண்டும், கம்பிக்கு வேண்டாமே என்று கேபிள் டி.வி. கம்பி வழியாகவே 'நம்ம த்வனி' என்ற வானொலியை வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக்கூடாது என்கிறது விதி. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கும் இதே தடைதான். ஆகாசவாணியின் செய்தியறிக்கையை வேண்டுமானால் ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். ஊர் விவகாரம் பேசவென்றே வந்த வானொலி ஊர்ச் செய்தி சொல்லக்கூடாது. இந்த முரணைப் புரிந்துகொண்டால்தான் சமுதாய வானொலி எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

பாம்பனையே எடுத்துக்கொள்வோம். இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துப்போனால், விடியும் முன்னே ராமேசுவரம் தீவு முழுக்க அதே பேச்சாக இருக்கும். சென்னைத் தொலைக்காட்சிகள் கத்தும். பக்கத்துத் தெருவில் இருக்கும் வானொலி அதைத் தன் செய்தியாகச் சொன்னால் விதிமீறல். ஆனால் காற்று எப்படி இருக்கிறது, அலை எத்தனை மீட்டர் எழும் என்று சொல்வதற்குத் தடையில்லை. வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், நோய் எச்சரிக்கை, இயற்கைச் சீற்றம் ஆகியவை 'செய்தி அல்லாதவை' என்று அரசே பட்டியல் போட்டிருக்கிறது. ஒரு கிராமத்தின் பொதுவாழ்வில் முக்கால்வாசி இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும் என்பது அதை எழுதிய அதிகாரிக்குத் தோன்றியிருக்காது.

2016-இல் தொடங்கிய கடல் ஓசையின் பலமே அந்த முக்கால்வாசியில்தான் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் அலை உயரம், காற்றின் வேகம், மீன் திரளும் இடம் என்று தினமும் கணித்துத் தருகிறது. அது எண்ணாகவும் வரைபடமாகவும் வரும். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய ஆளுக்கு 'வடகிழக்கிலிருந்து மணிக்கு 45 கிலோமீட்டர்' என்பது பாதிதான் எட்டும். அதே பேச்சு வழக்கில், அதே கடலில் போய்வந்தவர் குரலில் சொன்னால், இன்றைக்கு வலையை எடுப்பதா வேண்டாமா என்று கேட்பவரே முடிவு செய்துகொள்வார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நிவாரணத்துக்கு என்ன தாள் கொடுக்க வேண்டும், டோக்கன் என்றைக்கு என்பதெல்லாம் அந்தக் கரைக்குத் தலைபோகிற விஷயம். மாநிலச் செய்தியில் அரை நிமிடம்கூடப் பெறாது. கடல் ஓசையில் 'சமுத்திரம் பழகு' என்று ஒரு நிகழ்ச்சி கடலின் மாற்றங்களையும் பருவநிலையையும் பேசுகிறது. கருத்தரங்குத் தமிழில் பேசினால் கேட்பவர் ஓடிப்போகும் தலைப்பு. முன்பு கிடைத்த மீன் இப்போது ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியிலிருந்து அதைத் தொடங்கினால் கரையில் இருப்பவர்கள் காது கொடுப்பார்கள்.

இந்த வானொலிகளின் முதன்மையான வேலை தகவல் சொல்வது என்று நான் நினைக்கவில்லை. தகவலுக்கு இப்போது கைப்பேசி இருக்கிறது. ஒரு கேள்வியை நாலு பேர் காதுபடக் கேட்க வைப்பதே இவற்றின் வேலை. முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்று ஒரு பாட்டி தாலுகா அலுவலகம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், போயிட்டு வாங்க பாட்டி' என்று பதில் வரும். பதில் சொன்னவருக்கு மறுநாள் அது நினைவிருக்காது. அதே அதிகாரி வானொலி நிலையத்தில் உட்கார்ந்து, எந்தக் காரணங்களால் தொகை நிற்கும், ஆதார் இணைப்பு தவறினால் யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளில் சரியாகும் என்று சொல்லும்போது சுற்றியுள்ள இருபது ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. சொன்ன நாள் தாண்டினால் 'ரேடியோவில் சொன்னீர்களே ஐயா' என்று கேட்க அந்தப் பாட்டிக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. இதில் செய்தியும் இல்லை, அரசியலும் இல்லை. விதியை மீறியதாகவும் யாரும் சொல்ல முடியாது.

கிராம சபைக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும். கூட்டத்தில் தலைவரை யார் எப்படித் திட்டினார் என்பதைச் சொன்னால் அது செய்தி. கூட்டத்துக்கு முந்தின வாரம், வரவு செலவுக் கணக்கை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் அது விழிப்புணர்வு நிகழ்ச்சி. இரண்டாவதுதான் ஊராட்சித் தலைவருக்கு அதிகத் தலைவலி தரும் என்பது வேறு விஷயம்.

அதற்காகத் தடை நியாயமாகிவிடாது. காமன் காஸ் என்ற அமைப்பு இதை எதிர்த்து 2013-இல் உச்ச நீதிமன்றம் போனது. இத்தனை நிலையங்களில் பேசப்படும் செய்தியைக் கண்காணிக்க வழியில்லை, பாதுகாப்புக்கு ஆபத்து என்பது அரசின் வாதம். யார் வேண்டுமானாலும் யூடியூபில் 'பிரேக்கிங்' போடும் காலத்தில், 15 கிலோமீட்டர் தாண்டாத, முகவரியும் உரிமமும் உள்ள ஒரு நிலையத்தைப் பார்த்து மட்டும் பயப்படுவது விசித்திரம். தொலைபேசிக்கு அந்தத் தடை இல்லை என்பதால் 2010-இல் சத்தீஸ்கரில் 'சிஜிநெட் ஸ்வரா' தொடங்கியது. கோண்டி பேசுபவர் ஓர் எண்ணை அழைத்து, கைப்பம்பு பழுது, கூலி பாக்கி என்று தன் குரலில் பதிவு செய்வார். சரிபார்த்த பிறகு அதை மற்றவர்கள் அழைத்துக் கேட்கலாம். வானொலியில் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது.

அண்டை நாட்டில் நிலைமை வேறு. நேபாளத்தில் 1997-இல் 'ரேடியோ சாகர்மாதா' தொடங்கியது. பிறகு மலைக்கு மலை நிலையங்கள் முளைத்தன. அவை செய்தி சொல்லின. 2005 பிப்ரவரி 1-ஆம் தேதி மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்தபோது எஃப்.எம். நிலையங்களில் செய்திக்குத் தடை விழுந்தது. வானொலிக்காரர்கள் தெருவுக்கு வந்து, கூடிய கூட்டத்துக்கு முன்னால் செய்தி வாசித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மீண்டும் செய்தி ஒலிபரப்ப அனுமதித்தது. ஒரு தடவை ஊர்ச் செய்தி கேட்டுப் பழகிய மக்களிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்குவது எளிதில்லை.

நம் பக்கத்தில் தடையெல்லாம் மறந்துபோகும் ஒரு நேரம் உண்டு. வெள்ளம் வரும் நேரம். 2015 டிசம்பரில் கடலூர் மூழ்கியபோது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே 107.8-இல் 'பேரிடர் கால வானொலி' ஒன்று எழுந்தது. எந்தப் பாலம் போயிற்று, எந்தப் பள்ளியில் முகாம், மருத்துவக் குழு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல அரசுக்கே ஓர் ஊர் வானொலி தேவைப்பட்டது. மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரமும் படுத்துவிட்ட ஊரில் இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் மட்டும் பேசும். ஆனால் அந்த டிரான்சிஸ்டர் இப்போது எத்தனை வீட்டில் இருக்கிறது? இயர்போன் கம்பியையே ஆண்டெனாவாக வைத்துப் பாடிய பழைய கைப்பேசிகளின் எஃப்.எம். வசதி புதியவற்றில் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2023-இல் மத்திய மின்னணுவியல் அமைச்சகமே கைப்பேசி நிறுவனங்களிடம் அதை விட்டுவிட வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

பணம்தான் இவற்றின் பெரிய நோய். முதலில் மணிக்கு 5 நிமிடம் மட்டும் விளம்பரம் அனுமதித்தார்கள், பிறகு 7, 2024-இல் வந்த புதிய நெறிமுறையில் 12. நேரம் கூடியதே தவிர, பத்து கிலோமீட்டர் வட்டத்தில் விளம்பரம் தர மளிகைக் கடையும் நகைக்கடையும் எத்தனை இருக்கும்? ஆகவே பல நிலையங்கள் அரசுத் துறைகளின் பிரசார நிகழ்ச்சிகளை நம்பியே சம்பளம் கொடுக்கின்றன. சம்பளம் தரும் துறையிடம் முதியோர் தொகை ஏன் வரவில்லை என்று உரக்கக் கேட்க வாய் வருமா? செய்தித் தடையைவிட இதுவே கேள்விகளை அதிகமாக அடக்குகிறது என்பது என் கணிப்பு. கல்லூரிகள் நடத்தும் நிலையங்களின் சங்கடம் இன்னொரு வகை. பணம் கல்லூரி தரும். நிகழ்ச்சியும் கல்லூரிச் சுவருக்குள்ளேயே சுற்றும். முதல்வர் பேட்டி, ஆண்டுவிழா, மாணவர் கவிதை. சுவருக்கு வெளியே இருக்கும் குடிசைப் பகுதிக்கு அந்த வானொலி இருப்பதே தெரியாது.

உங்கள் பகுதியில் ஒன்று இருந்தால் சில விஷயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். நிகழ்ச்சிகளை முடிவு செய்ய ஒரு குழு இருந்தாக வேண்டும். 2024 நெறிமுறைப்படி அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவில் உங்கள் தெருவைச் சேர்ந்தவர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று நிலையத்திலேயே விசாரிக்கலாம். பேசத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர், விதை பற்றியோ வலை பற்றியோ நாலு விஷயம் அறிந்தவர் யாராக இருந்தாலும் பதிவு செய்யக் கேட்கலாம். பாதி நேரம் உங்களுக்கென்றே விதி ஒதுக்கியிருக்கிறது. ஓர் அதிகாரி ஒலிபரப்பில் கொடுத்த வாக்கைப் பிடித்துக் கேட்க வேண்டுமென்றால் தாமதிக்க வேண்டாம். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை நிலையம் மூன்று மாதம் வரைதான் பாதுகாத்து வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.