“மூச்சு முட்டுது சித்தி!”

வயது வந்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். என் அக்கா மகளிடம் கேட்டேன். “எழுதுங்க சித்தி, பேர் மட்டும் போடாதீங்க” என்றாள். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

2022-ல் அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிக் கொடுத்த போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவள் கையிலேயே தங்கிவிட்டது. டியூஷனில் பழகிய ஒரு பிளஸ் டூ பையனோடு நடுராத்திரி தாண்டியும் வாட்ஸ்அப்பில் பேச்சு. ஒருநாள் அக்கா வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். போன் சுவரில் மோதிச் சுக்குநூறானது. “நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் கிடையாது. தை பிறந்ததும் கல்யாணம்” என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. சொந்தத்திலேயே மாப்பிள்ளையும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா எனக்கு போன் செய்து ஒரே அழுகை. “குடும்ப மானத்தை வாங்கிட்டாடி” என்று புலம்பினாள். நான் அன்றைக்கே பஸ் ஏறிப் போய், “ரெண்டு வாரம் என்கூட இருக்கட்டும். அதுக்கப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லி அவளைக் கையோடு கூட்டி வந்துவிட்டேன்.

மூன்று நாள் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்புவது அடுத்த அறைக்குக் கேட்கும். நாலாம் நாள் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு கொத்து உருவியபின், “அவன்கூட பேசாம மூச்சு முட்டுது சித்தி. நான் கெட்ட பொண்ணா?” என்று கேட்டாள்.

“உனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு. அதுல கெட்டது என்ன இருக்கு? ஆனா இந்த வயசுல மனசு பாய்ற வேகத்துக்கு முடிவும் எடுத்தா, அதைச் சுமக்கப்போறது நீதான்” என்றேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள்தான் பேசினாள். அவன் என்ன சொன்னான், எதற்குச் சிரித்தான், எந்தச் சட்டையில் நன்றாக இருப்பான் என்று எல்லாம் சொன்னாள். “வீட்டை விட்டுப் போயிடலாம்னுகூட நினைச்சோம்” என்றபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் என்று மிரட்டியதும்தான் அந்த எண்ணமே வந்ததாம்!

தோழிகளே, இந்தப் பிள்ளைகளின் அழுகையை நடிப்பு, திமிர் என்று நினைக்காதீர்கள். ஆசையும் ஏக்கமும் சீக்கிரம் வளர்ந்துவிடுகின்றன. பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகிறது. அமெரிக்காவில் ஹெலன் ஃபிஷர் என்ற ஆய்வாளர் குழுவினர் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காதலில் கைவிடப்பட்ட 15 இளைஞர்களிடம் அந்தக் காதலரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, போதைப்பொருளுக்கு ஏங்குகிறவர்களுக்குத் தூண்டப்படும் பகுதிகள் இவர்களுக்கும் தூண்டப்பட்டிருந்தன. பிரிந்து நாளாக ஆக, பாசப்பிணைப்போடு தொடர்புடைய ஒரு பகுதியில் அந்த வேகம் தணிந்திருந்ததையும் கண்டார்கள். ஆக, வலி நிஜம். அது ஆறும் என்பதும் நிஜம். ஆறுகிற வரைக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2006-ல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தால், பெற்ற தகப்பனுக்கே 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அக்கா வீட்டுக்காரரிடம் இதை நான் எடுத்துச் சொன்னதும்தான் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நின்றது.

பையன் பக்கமும் பாருங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத பெண்ணின் சம்மதம் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படாது. இரண்டு பேரும் விரும்பித்தான் போனோம் என்றாலும் ஆள் கடத்தல், போக்சோ என்று பையன் மேல் வழக்கு வரும். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவக் காதலில் சிக்கும் பையன்களின் வாழ்க்கை பாழாவதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. ஆனாலும் சட்டத்தில் வயது 18 தான்.

நானும் அக்காவும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம், சண்டைக்கு இல்லை. அவன் அம்மா எங்களைப் பார்த்ததுமே, “அக்கா, எம் புள்ளைய போலீஸ்ல புடிச்சுக் குடுத்துறாதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பையன் தாடியும் மீசையும் சரியாக முளைக்காத முகத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனும் நாலு நாளாகச் சாப்பிடவில்லையாம். பெண் பிள்ளையாவது அழுது தீர்க்கும். “ஆம்பளைப் புள்ள அழலாமா” என்று சொல்லிச் சொல்லியே பையன்களை உள்ளுக்குள் புழுங்க வைத்துவிடுகிறோம்.

இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுத்தான் சொன்னோம். படிப்பை முடிக்க வேண்டும். தனியாகச் சந்திக்கவோ, ஒருவருக்கொருவர் அந்தரங்கமாகப் படம் அனுப்பவோ கூடாது. இரண்டு பேருக்கும் வயது ஆன பிறகும் இதே மனசு இருந்தால் அப்போது வந்து பேசுங்கள், கேட்கிறோம் என்றோம். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது.

கதை அதோடு முடியவில்லை. பையன் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்தான். ஆறு மாதத்தில் பேச்சு குறைந்து, பிறகு நின்றேபோனது. அவளுக்கு அதுதான் பெரிய அடி. அரையாண்டில் மார்க் சரிந்தது. “என்கிட்ட என்ன குறை சித்தி?” என்று கேட்டுக் கேட்டு மாய்ந்து போனாள். இந்தத் தடவை அக்கா, “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு தலையைக் கோதிவிட்டாள். “எனக்கும் உன் வயசுல ஒருத்தரைப் பிடிச்சிருந்தது” என்றும் சொன்னாளாம். எனக்கே தெரியாத சங்கதி அது!

இப்போது அவள் நர்சிங் படிக்கிறாள். ஏதோ ஒரு பாட்டு ரேடியோவில் வந்தால் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். அவள் அப்பா அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. ஆனால் தினமும் காலையில் காலேஜ் பஸ் வரும் வரைக்கும் ஸ்டாப்பில் அவளோடு நிற்பவர் அவர்தான்.

தாய்மார்களே, பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு, “செத்துப் போகலாம் போலிருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் தாங்களே உதவி கேட்க 1098 இருக்கிறது. உறவுக்காரர்கள் வாய்க்குப் பயந்து படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காதல் போனாலும் கையில் படிப்பு இருந்தால் பிள்ளை எழுந்து நிற்கும். இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டால் அது எதைப் பிடித்துக்கொண்டு எழும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்