ஊட்டி, கொடைக்கானல் போறீங்களா? ஏப்ரல், மே மாதங்களில் எந்த வாரம் எப்படி இருக்கும்?

ஏப்ரல் பிறந்ததுமே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்துவிடும்: "லாங் வீக்கெண்ட் வருது, ஊட்டி போலாமா?" தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே குளிரை அனுபவிப்போமா, காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போமா என்பது எந்த வாரம், எந்தக் கிழமை கிளம்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

மலையில் எவ்வளவு குளிர் இருக்கும்?

ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 1,000 மீட்டர் உயரே போனால், சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் 36 டிகிரி என்றால், ஊட்டியில் 23, 24 டிகிரி இருக்கும். இரவில் 12 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும் என்பதால் ஸ்வெட்டர் கட்டாயம். கொடைக்கானலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

எல்லா மலையும் ஊட்டி ஆகிவிடாது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடலாம். ஏலகிரி இன்னும் தாழ்வு. அடிவாரத்தைவிட நாலைந்து டிகிரிதான் குறையும். மாலைக் காற்று சுகம், மதிய வெயில் வெயில்தான்.

ஊட்டியும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2024 ஏப்ரல் 29 அன்று அங்கே 29 டிகிரி பதிவானது. வழக்கத்தைவிட இது 5 டிகிரிக்கும் மேல் அதிகம். ஏசி தேவைப்படாத ஊர் என்பதால் பல அறைகளில் ஃபேன்கூட இருக்காது. ரூம் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும். குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிட வேண்டாம்.

மழை வருமா?

வரும், பெரும்பாலும் மதியத்துக்கு மேல். காலை வெயிலில் மலைச்சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகத் திரளும். இரண்டு, மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டிவிட்டுப் போகும். அதனால் காட்சிமுனைகளைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. மாலை மழையோடு மலைப்பாதையில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். இறங்கும் பயணத்தை அந்த நேரத்துக்கு வைக்காதீர்கள்.

மே கடைசி வாரம் கொஞ்சம் ரிஸ்க். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவது வழக்கமாக ஜூன் 1. ஆனால் 2025-ல் மே 24-லேயே தொடங்கி, நீலகிரிக்கு உடனே ரெட் அலர்ட் கொடுக்கப்பட்டது. கத்திரி வெயில் முடியவில்லையே என்று காலண்டரை மட்டும் பார்த்துக் கிளம்பினால் அறைக்குள்ளேயே முடங்க நேரிடும்.

கூட்டம் எப்போது உச்சம்?

பள்ளி விடுமுறை, ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி, கொடைக்கானல், ஏற்காடு கோடை விழாக்கள் என எல்லாம் மே மாதத்தில்தான் குவிகின்றன. சீசனில் தினமும் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாக 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது.

2025 சீசனுக்கு நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், ரூமுக்குப் பணம் கட்டும் முன் மாவட்ட நிர்வாகத்தின் லேட்டஸ்ட் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

அப்போ எப்போ போகலாம்?

லீவு கிடைக்கும் என்றால், பள்ளிகள் மூடுவதற்கு முந்தைய ஏப்ரல் வார நாட்கள்தான் பெஸ்ட். குளிரில் பெரிய வித்தியாசம் இருக்காது, கூட்டம்தான் குறைவாக இருக்கும். மே மாதம்தான் முடியும் என்றால் செவ்வாய் முதல் வியாழன் வரை திட்டமிடலாம். ஊட்டிக்குள் தங்காமல் கோத்தகிரி, குன்னூர் பக்கம் தங்குவதும் ஒரு வழி.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கூட்டம் குறைந்துவிடும். அப்போது கூடலூர், அவலாஞ்சி பக்கம் பருவமழை வலுக்கும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் முக்கிய மழைக்காலம் வடகிழக்குப் பருவம்தான் என்பதால், அங்கே மழை அந்த அளவுக்கு இருக்காது.

மலை ரயிலில் மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால்தான் உண்டு. காரில் போனால், இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாறாதீர்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

நமக்கு அது இரண்டு நாள் டிரிப். அங்கே குடியிருப்பவர்களுக்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேலைக்குப் போகவும் இருப்பது அந்த ஒரே சாலைதான். கோடையில் தண்ணீர் குறையும் ஊர்களும் அவை. நெரிசல் இல்லாத வாரத்தில் போனால் நம் பயணமும் நிம்மதி, அவர்களுக்கும் கொஞ்சம் வழி கிடைக்கும்.