தாம்பரத்தில் வாடகை வீடு: நீங்களே பார்த்துக்கொள்வதா, புரோக்கரிடம் விடுவதா?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? மெப்ஸ் வளாக ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், மின்சார ரயிலை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் என இங்கே குடிவர ஆள் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. ஆள் வந்த பிறகு வாடகை, ரிப்பேர், தகராறு எல்லாவற்றையும் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

புரோக்கர் வேறு, மேலாளர் வேறு

பலர் இந்த இருவரையும் ஒருவராகவே நினைத்துக்கொள்கிறார்கள். புரோக்கர் ஆளைக் கூட்டிவந்து காட்டுவார், பேசி முடிப்பார், கமிஷன் வாங்கிக்கொள்வார். அதோடு அவர் வேலை முடிந்தது. ஆறு மாதம் கழித்து மோட்டார் ஓடவில்லை என்றால் அவரைக் கேட்க முடியாது.

உங்கள் சார்பில் வாடகை வசூலிப்பது, ரிப்பேர் செய்வது, வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் சொத்து மேலாளரின் வேலை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் இவரைத் தனியாகவே குறிப்பிடுகிறது. மேலாளரை வைத்தால் அவர் பெயர், நீங்கள் அனுமதி கொடுத்ததற்கான ஆதாரம், எந்த வேலைக்கு, எத்தனை காலத்துக்கு என்பதை வாடகைதாரரிடம் தெரிவிக்க வேண்டும். "எல்லாம் அவர்கிட்ட பேசிக்கோங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வாடகை 12,000 ரூபாய் என்று வையுங்கள். வழக்கப்படி ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுத்தால், ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். மேலாளர் மாதம் 1,000 ரூபாய் கேட்டால் இன்னொரு 12,000 ரூபாய். வருமான வரியில் வீட்டு வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவுக்குள்ளேயே இந்தச் செலவும் அடங்கிவிடும். கமிஷனுக்கென்று தனியாகக் கழிவு கிடையாது.

அதே ஊரில் இருந்து, மாதம் ஒருமுறை போய்வர முடிந்தால் நீங்களே பார்த்துக்கொள்வது லாபம். வாடகை யுபிஐ-யில் வந்துவிடும், மின் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று செல்போனிலேயே பார்க்கலாம், மாநகராட்சி சொத்து வரியையும் ஆன்லைனில் கட்டலாம். வாடகைதாரர் பற்றிய சரிபார்ப்புக்குக் காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் கதை வேறு. 2015 டிசம்பர் மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அப்படியொரு நாளில் போனில் பேசி மோட்டாரைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் பொறுப்பான ஒரு ஆள் வேண்டும். அந்த நிலையில் மேலாளருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

யார் பார்த்தாலும் இது உங்கள் பொறுப்பு

"பதினோரு மாத அக்ரிமெண்ட்தானே, பதிவு எதுக்கு?" என்று புரோக்கர் சொல்லலாம். சார்பதிவாளர் அலுவலகத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வாடகைச் சட்டத்தில் மாதக் கணக்குக்கு விலக்கு இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவாகாத ஒப்பந்தத்தை வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. வாடகை பாக்கி என்று நீங்கள் வழக்குக்குப் போகும்போதுதான் இந்தக் குறை கழுத்தைப் பிடிக்கும்.

மற்ற விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்:

• ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும்.

• வாடகை வாங்கியதும் கையெழுத்திட்ட ரசீது கொடுக்க வேண்டும்.

• வீட்டுக்குள் போக 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தர வேண்டும்.

• தண்ணீர், கரண்ட்டை நிறுத்தி ஆளைக் காலி செய்ய வைக்கக் கூடாது. உங்களுக்கும் இது பொருந்தும், உங்கள் மேலாளருக்கும் பொருந்தும்.

• இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தை நாடலாம்.

மேலாளரை வைக்கும் முன்

வாடகை யார் கணக்குக்கு வரும்? எவ்வளவு ரூபாய் வரை உங்களைக் கேட்காமல் ரிப்பேர் செய்யலாம்? அட்வான்ஸ் யார் கையில் இருக்கும்? இந்த மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகையும் அட்வான்ஸும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதே நல்லது.

ஏற்கனவே வாடகைக்கு விட்டாச்சா? இன்றே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாடகைதாரரையும் கலந்துகொண்டு முதலில் அந்த வேலையை முடியுங்கள்.