காதல் காமெடி பார்க்க திரைப்பட விழாவுக்குப் போகலாமா? அன்னவாசலில் இருந்து கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

அன்னவாசலில் பஸ் ஏறினால் புதுக்கோட்டை. அங்கிருந்து ராத்திரி ரயில் பிடித்தால் விடியும்போது சென்னை. டிசம்பரில் அங்கே நடக்கும் சர்வதேச திரைப்பட விழாவை ஒரு தடவையாவது பார்த்துடணும்னு ஆசைப்படுறவங்க அந்தப் பக்கமும் இருக்காங்க. அவங்களைத் தயங்க வைப்பது தூரம் மட்டும் இல்லை. "விழாப் படம்னா ஒரே சோகமா இருக்கும், ஒண்ணும் புரியாது. ரெண்டு நாள் சம்பளத்தை விட்டுட்டுப் போய் தியேட்டர்ல தூங்கிட்டு வரணுமா?" என்ற பயம்தான் பெரிய தடை.

அந்த பயத்துக்குக் காரணம் இருக்கு. ஆனா முழு உண்மை அது இல்லை.

ஜாலி படம்னா ஏன் யோசிக்கிறாங்க?

விழாவுக்குப் படம் தேர்வு செய்பவர்களிடம் ஒரு நினைப்பு உண்டு. சிரிக்க வைக்கும் காதல் படம் தானாகவே தியேட்டரில் ஓடிவிடும். விழா மேடை தேவைப்படுவது போர், வறுமை, அரசியல் பேசும் படங்களுக்குத்தான். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா சில நேரம் கணக்கு தப்பிடுது.

2001-ல் 'அமேலி' என்ற பிரெஞ்சுப் படத்துக்கு கேன்ஸ் விழாவில் இடம் கிடைக்கவில்லை. பாரிஸில் ஓட்டலில் வேலை பார்க்கும் ஒரு கூச்ச சுபாவப் பெண், ஊருக்கெல்லாம் ரகசியமா நல்லது செய்துவிட்டு, தன் காதலை மட்டும் சொல்லத் தயங்கும் கதை. அதே வருஷம் கனடாவின் டொரான்டோ விழாவில் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருது அந்தப் படத்துக்கே போனது. பிறகு ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். கமிட்டி வேண்டாம்னு சொன்னதை ஜனங்க தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. 2023 கேன்ஸ் விழாவில் நடுவர் பரிசு வாங்கிய 'ஃபாலன் லீவ்ஸ்' ஒரு காதல் காமெடிதான். இயக்கியவர் பின்லாந்தின் ஆகி கௌரிஸ்மாகி. ஓடும் நேரம் 81 நிமிஷம், அவ்வளவுதான்.

சிரிப்புக்குள்ளே வேலைக் கவலை

அந்தப் படத்தின் கதையைக் கேளுங்க. நாயகி சூப்பர் மார்க்கெட் ஊழியர். தேதி முடிந்து குப்பைக்குப் போக வேண்டிய உணவுப் பொருளை எடுத்ததற்காக வேலை போகிறது. நாயகன் பட்டறைத் தொழிலாளி. குடிப் பழக்கத்தால் அவருக்கும் வேலை போகிறது. இருவரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கிறார்கள். பிரியும்போது அவர் போன் நம்பரை எழுதிக் கொடுக்க, இவர் அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடுகிறார். பேர்கூட தெரியாது! முகத்தில் சிரிப்பே காட்டாத நடிகர்களைப் பார்த்து நாம் சிரித்துக்கொண்டே இருப்போம்.

இது ஏதோ பின்லாந்து சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம். 1955-ல் வந்த 'மிஸ்ஸியம்மா'வை நினைத்துப் பாருங்க. வேலையில்லாத இரண்டு பேர். வேலைக்குக் கணவன் மனைவியாக வரும் ஆசிரியர்கள்தான் வேண்டும் என்கிறார்கள். கல்யாணமே ஆகாத இருவரும் தம்பதியாக நடித்துப் போய்ச் சேருகிறார்கள். நாயகி சாவித்திரி, நாயகன் ஜெமினி கணேசன். காதல் மன்னன்னு பேர் எடுத்த அவர் பிறந்தது புதுக்கோட்டையில்! எல்.வி.பிரசாத் எடுத்த அந்தப் படத்தில் கலகலப்பு எவ்வளவோ, வேலையில்லாத் திண்டாட்டமும் அவ்வளவு. 'மிஸ்ஸியம்மா' பார்த்துச் சிரித்த வீட்டில் இருந்து வருபவருக்கு 'ஃபாலன் லீவ்ஸ்' புரியாமல் போக வழியே இல்லை.

டிக்கெட் கிடையாது, பாஸ்தான்

விழாவில் ஒரு படத்துக்கு மட்டும் டிக்கெட் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஏன்? தியேட்டரில் வரும் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். விழாப் படங்களுக்கு மத்திய அரசு அதில் இருந்து விலக்கு தருகிறது. பதிலுக்கு, பெயர் பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டுமே திரையிட வேண்டும். அதனால்தான் மொத்த நாட்களுக்கும் ஒரே பாஸ். பொதுவாக 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான் தருவாங்க. குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி காதல் காமெடியாகவே இருந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. இது கொஞ்சம் வேடிக்கைதான்.

பாஸ் இருந்தாலே சீட் நிச்சயம்னு நினைச்சுடாதீங்க. பல விழாக்களில் முதலில் வருபவருக்கே இடம். பரிசு வாங்கிய படம்னா வரிசை நீளும், சீக்கிரமே போய் நில்லுங்க.

உள்ளே போனதும்...

இடைவேளை கிடையாது. டீ, பாத்ரூம் எல்லாம் முன்னாடியே முடிச்சுக்கணும். வசனம் கீழே ஆங்கிலத்தில் ஓடும். சோகப் படத்தில் ஒரு வரி தவறினால் சமாளிக்கலாம், காமெடியில் ஜோக்கே போயிடும். அதனால் முன் வரிசையில் உட்கார்ந்து கழுத்து வலிக்கப் படிப்பதைவிட நடு வரிசை மேல். ஆங்கிலம் ஓரளவு படிக்க வந்தால் போதும். 'ஃபாலன் லீவ்ஸ்' ஆட்கள் ரொம்பக் குறைவாகத்தான் பேசுவாங்க.

வரியை வேகமா படிப்பவர் நடிகர் பேசி முடிக்கும் முன்பே சிரிப்பார். மெதுவா படிப்பவர் பின்னாடி சிரிப்பார். அரங்கில் சிரிப்பு இரண்டு தவணையாக வரும். மொழி தெரியாத முந்நூறு பேர் ஒரு துண்டுச் சீட்டு காற்றில் பறப்பதைப் பார்த்து "அச்சச்சோ" என்று பதறுவது செல்போனில் தனியாகப் பார்க்கும்போது கிடைக்காது.

இதுக்கு சென்னைக்குத்தான் போகணும்னு இல்லை. 2022 அக்டோபரில் தமுஎகச தனது உலகத் திரைப்பட விழாவை புதுக்கோட்டையிலேயே நடத்தியது. அப்படி இன்னொன்று பக்கத்தில் வந்தால் அன்னவாசல்காரருக்கு ஒரே பஸ். படம் பார்த்துட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.