ஈட்டிய இயல்புகள் தலைமுறையுரிமை அடையுமா? இலாமாக்கும் மலேரியா நுளம்பும்

கூர்ப்புப் பகுதியில் மாணவர்கள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் ஒரு சொல்லால்தான். "பழகிக்கொண்டது" என்பதே அச்சொல். "நுளம்பு மருந்துக்குப் பழகிக்கொண்டது, அதனால் அதன் சந்ததியும் மருந்தைத் தாங்கியது" என எழுதுபவர், தம்மை அறியாமலே டார்வினை விட்டு இலாமாக்கிடம் போய்விடுகிறார்.

பிரான்சு நாட்டவரான இலாமாக் 1809இல் தமது கொள்கையை நூலாக வெளியிட்டார். பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாத உறுப்பு குன்றும்; இவ்வாறு வாழ்நாளில் ஈட்டிய மாற்றம் எச்சங்களுக்குக் கடத்தப்படும் என்றார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீங்கள் அறிந்த உதாரணம். இலாமாக்கை ஏளனமாக எழுத வேண்டாம். உயிரினங்கள் மாறுகின்றன என்பதை டார்வினின் நூலுக்கு (1859) 50 ஆண்டுகள் முன்பே துணிந்து சொன்னவர் அவர். டார்வினும் இக்கருத்தை முற்றாகக் கைவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜேர்மனியரான வைஸ்மன் 1880களில் எலிகளின் வாலை ஐந்து தலைமுறைகளாக வெட்டினார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வால் குறைந்து பிறக்கவில்லை. நாமும் தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறோம். துளையுடன் எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை. கெட்டிக்கார மாணவர் ஒருவர் இங்கே மறுப்புக் கூறலாம்: வெட்டுவதும் குத்துவதும் 'பயன்பாடு' அல்லவே! நியாயமான கேள்விதான். அப்படியானால் நீர்வேலிச் செம்மண்ணில் மண்வெட்டி பிடித்துக் கை காய்த்த தோட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குழந்தையின் உள்ளங்கை மென்மையாகவே இருக்கிறது. காய்ப்பு உடற்கலங்களில் ஏற்பட்டது. விந்திலும் முட்டையிலும் உள்ள பரம்பரையலகுகளை அது மாற்றவில்லை.

இனி நுளம்புக்கு வருவோம். இலங்கையில் டி.டி.ரி. தெளித்ததன் பயனாக 1963இல் மலேரியா நோயாளர் தொகை வெறும் 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1968, 1969 ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இந்தப் பெருந்தொற்றுக்கு முக்கிய காரணம் கட்டுப்பாடு தளர்ந்தமையே. எல்லாவற்றையும் எதிர்ப்புத்தன்மையின் தலையில் போட்டு எழுதாதீர்கள். ஆனால் மீண்டும் தெளித்தபோது டி.டி.ரி.யைத் தாங்கும் அனோபிலிஸ் நுளம்புகள் பெருகின. ஆகவே 1970களில் மலத்தியனுக்கு மாற நேர்ந்தது. (2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.)

எந்தத் தனி நுளம்பும் டி.டி.ரி.க்குப் பழகவில்லை. விகாரத்தால் எதிர்ப்புத்தன்மை பெற்ற சில நுளம்புகள் குடித்தொகையில் ஏற்கெனவே இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது. இவை தப்பிப் பெருகின. மருந்து எதிர்ப்பை உண்டாக்கவில்லை, தேர்ந்தெடுத்தது. விடையில் 'விகாரம்', 'மாறல்', 'தேர்வு', 'குடித்தொகை' ஆகிய நான்கு சொற்களும் வந்தால் உங்கள் வசனம் தானாகவே டார்வின் பக்கம் நிற்கும்.

பயிற்சி வினா: பசளை நன்கு இட்டதால் பெரிய குலை ஈன்ற வாழையின் குட்டியைப் பசளையற்ற மண்ணில் நட்டால் அதுவும் பெரிய குலை ஈனுமா? காரணம் தருக.

விடைக் குறிப்பு: ஈனாது. தாய்க்கும் குட்டிக்கும் பரம்பரையலகுகள் ஒன்றே. குலையின் பருமனைக் கூட்டியது பசளை. அது குட்டியுடன் கூடவே வருவதில்லை.