செப்டிக் டேங்குக்கும் சட்டம் உண்டு!

(சிவில், இரண்டாம் ஆண்டு)



கவிதையும் சிரிப்புத் துணுக்குகளும் வரும் மலரில் கக்கூஸ் தொட்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தான். மதுரை மாநகரில் பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் இருப்பவர்களின் கழிவு அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. நம் வீட்டுக் கழிவு எங்கே போகிறது? வீட்டுக்குப் பின்னால் ஒரு குழிக்குள். அங்கிருந்து எங்கே? அதைத்தான் எழுத வந்தேன்.

என் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா நிமிந்தாள் வேலை பார்க்கிறார். கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுப்பது, குழி வெட்டுவது, சென்ட்ரிங் பலகை பிரிப்பது எல்லாம் அவர் வேலை. ஆகவே செப்டிக் டேங்கைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே சோற்றுத் தட்டுக்கு முன்னால் பேசிக் கேட்டவன் நான்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். தொட்டிக்குள் கனமான கசடு அடியில் தங்கும். எண்ணெய்ப் பிசுக்கும் லேசான பொருளும் மேலே ஆடைபோல் மிதக்கும். நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியே வெளியேறும். அந்தத் தண்ணீர் பார்க்கக் கொஞ்சம் தெளிவாக இருக்கும். ஆனால் சுத்தமானது அல்ல, நோய்க்கிருமிகள் அதில் அப்படியே இருக்கும். அதனால்தான் அதை உறிஞ்சுகுழிக்கு விட்டு மண்ணால் வடிகட்டச் சொல்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 இதற்கான அளவுகளைச் சொல்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் போதும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

ஊரில் நடப்பது வேறு. பத்தடி, பன்னிரண்டு அடி ஆழம் தோண்டி, உறை இறக்கி, அடியைப் பூசாமல் மண்ணாகவே விட்டு விடுவார்கள். இதற்கும் பெயர் செப்டிக் டேங்க்! ஏன் அடி பூசவில்லை என்று என் சித்தப்பாவிடம் கேட்டேன். "அடி பூசுனா சீக்கிரம் நெறஞ்சிரும்டா, வண்டிக்காரனுக்கு யாரு அழுகுறது?" என்றார். அவர் கணக்கு அவருக்குச் சரிதான். லாரி கூப்பிட்டால் ஒரு வாரக் கூலி போகும். ஆனால் நம் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் மண்ணுக்குக் கீழே பாறை. பாறை வெடிப்பில் இறங்கும் தண்ணீரை வடிகட்ட அங்கே மண் கிடையாது. அது அப்படியே அடுத்த வீட்டு போர்வெல்லுக்குப் போகலாம். திருமங்கலம் பக்கக் கரிசலில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. மழைக்காலத்தில் உறிஞ்சுகுழி உறிஞ்சாமல் நிரம்பி நிற்கும்.

(தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் கொடுத்துக் கட்டச் சொன்னது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒரு குழி நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றிவிட்டால், பழையது ஒன்றரை இரண்டு வருடத்தில் மக்கி எருவாகிவிடும். லாரியே வேண்டாம். நம் ஆட்கள் அதை நம்பாமல் பெரிய குழியைத்தான் நம்புகிறார்கள்.)

சரி, இதையெல்லாம் கேட்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கிராம ஊராட்சிக்கும் பொருந்தும். பிளான் தாளில் செப்டிக் டேங்க் வரைந்துதான் கொடுக்கிறோம். ஆனால் தாளில் வரைந்தது மண்ணுக்குள் இருக்கிறதா என்று எங்கள் தெருவில் மூடியைத் திறந்து பார்க்க இதுவரை யாரும் வந்ததில்லை.

அபராதம் கடுமையாக இருப்பது லாரிக்கு. 2022-ல் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தினார்கள். கழிவு எடுக்கும் லாரிக்கு உரிமம் வேண்டும். கட்டணம் 2,000 ரூபாய், இரண்டு வருடம் செல்லும். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய், மறுபடி செய்தால் 50,000 ரூபாய். நல்ல சட்டம். ஆனால் பெயரிலேயே 'நகர்ப்புறம்' இருக்கிறது பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து அவனியாபுரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். கண்மாய் ரெண்டே கிலோமீட்டர். இருட்டின பிறகு லாரி எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொது நீர்நிலையைக் கெடுத்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டப்படி அபராதம் 500 ரூபாய்தான்! 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 279-ஆவது பிரிவு அதை 5,000 ரூபாயாகவும், சிறையை ஆறு மாதம் வரையும் உயர்த்தியது. அப்படியும் பிடிபட்டால்தானே?

அயர்லாந்தில் இதே பிரச்சினை வேறு விதமாக வந்தது. அங்கே கிராமங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் செப்டிக் டேங்குகள். கண்காணிப்பே இல்லை என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த நாட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2012-ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்காரரும் டேங்கைப் பதிவு செய்யச் சொன்னார்கள். சீக்கிரம் பதிந்தால் 5 யூரோ, தாமதித்தால் 50 யூரோ. பதியாவிட்டால் 5,000 யூரோ வரை அபராதம். கிராமத்து ஜனங்கள் கொதித்துப் போனார்கள். டவுன்காரனுக்குச் சாக்கடை போட்டுக் கொடுக்கிற அரசாங்கம் எங்களிடம் மட்டும் காசு கேட்பதா என்று கூட்டம் போட்டார்கள். இந்த இழுபறியில், தீர்ப்பை நிறைவேற்றத் தாமதித்ததற்காக 2012 டிசம்பரில் நாட்டுக்கே 20 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. பின்னர் பழுதான டேங்கைச் சரிசெய்ய மானியமும் கொடுத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, லாரியை விரட்டுவதற்கு முன் டேங்க் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்தார்களே, அதுதான்.

இனி உயிர் விஷயம். 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் தடவை இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து வருடம், ஐந்து லட்சம். ஜாமீனில் வர முடியாத குற்றம். இது கான்ட்ராக்டருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். "எந்த நபரும்" என்று இருக்கிறது, வீட்டுக்காரரும் அதில் அடக்கம். இறந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் என்று சொன்ன இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. இவ்வளவு இருந்தும் 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில் கழிவுநீர்க் கிணற்றில் மோட்டார் வேலைக்குப் போன மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஊரில் அடைப்பு எடுக்க எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்று படிக்கிறோம். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் அந்த நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்" என்பது அதனால்தான் ஆபத்தான பேச்சு. மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பதும் கூடாது, மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் குதிக்கவே கூடாது.

ஒரு சொட்டுக் கழிவும் விழாத புது டேங்கிலும் ஆள் சாகிறார்கள், தெரியுமா? மேல் தளம் போட்டு மூடி, பல நாள் கழித்து சென்ட்ரிங் பிரிக்க உள்ளே இறங்குகிறவர்கள். தேங்கிய தண்ணீரும் ஊறிய பலகையும் மட்கி, உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்று விடும். 2013 சட்டம் சுத்தம் செய்வதைப் பற்றித்தான் பேசுகிறது, பலகை பிரிப்பது அதில் வராது. கவனக்குறைவால் மரணம் என்று நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம், ஐந்து வருடம் வரை தண்டனை. எல்லாம் ஆள் போன பிறகு.

என் அப்பா செய்கிற வேலை அது. "மூடியத் தொறந்து வச்சு, புளோயர் போட்டு, இடுப்புல கயிறு கட்டித்தான் எறங்கணும்ப்பா" என்று சொன்னேன். "அதுக்கெல்லாம் எந்த மேஸ்திரி காத்துக் கெடப்பாரு?" என்றார். அதன் பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து பேர் டேங்குக்கு மேலே சென்ட்ரிங் அடித்து ஒரே தளமாகப் போடாமல், தரையிலேயே நாலு சிலாப் வார்த்துக் கொள்ளலாம். ஒவ்வொன்றும் 1.05 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. கனம். கன மீட்டருக்கு 2,500 கிலோ என்று வைத்தால் ஒரு சிலாப் 90 கிலோவுக்குள் வருகிறது. நாலு பேர் தூக்கி வைத்துவிடலாம். உள்ளே பலகையும் இல்லை, பிரிக்க ஆள் இறங்க வேண்டியதும் இல்லை.

நோட்டை வாங்கிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "கம்பி எத்தன சூத்து போடணும், அதச் சொல்லு."