துணிவும் உடலுறுதியும்

'துணிவு' என்னும் சொல்லைக் கேட்ட அளவில், மதயானையின் முன் நிற்கும் மறவனே நம் நினைவில் தோன்றுவான். ஆயினும், அச்சொல்லின் பொருளைச் சிறிது ஆராய்ந்தால் வேறொன்றும் விளங்கும். துணிதல் என்பதற்கு அறுபடுதல், தெளிதல், முடிவு செய்தல் என்னும் பொருள்கள் உண்டு. நூலாராய்ந்து கண்ட முடிவினை உரையாசிரியர்கள் 'துணிபு' என்றே வழங்குவர். ஆகவே, ஐயங்களை அறுத்துத் தெளிந்த உள்ளத்தின் நிலையே துணிவு எனலாம். அவ்வுள்ளம் குடியிருக்கும் உடல் நலிந்திருக்குமாயின், தெளிவு பிறப்பது அரிது. பிறந்தாலும் அது செயலாக முற்றுவது அரிது. திருவள்ளுவனார் ஊக்கமுடைமையை ஓதிய பொருட்பாலிலேயே 'மருந்து' என்னும் அதிகாரத்தையும் வைத்தமை ஈண்டு எண்ணத்தக்கது. ஊக்கத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே பேணிய ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இமயமலையின் எவரெஸ்ட் முடி கடல்மட்டத்திற்குமேல் 8,848 மீட்டர் உயர்ந்தது. அதன் தென்புறத்தே அமைந்த கும்பு என்னும் பகுதியில், ஷெர்ப்பா குடியில் வளர்ந்தவர் டென்சிங் நார்கே. யாக் என்னும் சடைமாடுகளை மேய்த்த அவருக்குப் பள்ளிக்கல்வி வாய்க்கவில்லை. பதினெட்டு வயதளவில் டார்ஜிலிங் நகரத்திற்கு வந்தார். 1935ஆம் ஆண்டில், மலையேறச் சென்ற ஆங்கிலேயர் குழுவொன்றில் சுமையாளாகச் சேர்ந்தார். அதுமுதல் அம்முடி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவினர் எவரெஸ்டில் ஏற முயன்றனர். மே மாத இறுதியில் லாம்பர்ட் என்பவரும் டென்சிங்கும் ஏறத்தாழ 27,500 அடி உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் இரவைக் கழித்தனர். உறங்குவதற்குரிய கம்பளிப்பை இல்லை, அடுப்பும் இல்லை. பனிக்கட்டியை ஒரு தகரக் குவளையில் இட்டு, மெழுகுவத்தியின் சுடரில் உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். மறுநாள் 28,200 அடி அளவு ஏறினர். அதற்குமேல் உடல் இடந்தரவில்லை, திரும்பினர்.

சுற்றிலும் பனி நிறைந்த இடத்தில் நீர்வேட்கையா என்று நீங்கள் வியக்கக்கூடும். அவ்வுயரத்தில் காற்று மிக நேரியது, மிக வறண்டது. ஓரடி எடுத்து வைப்பதற்குள் பலமுறை மூச்சு வாங்கவேண்டும். ஒவ்வொரு மூச்சும் உடலின் ஈரத்தைக் கவர்ந்து செல்லும். ஈரம் குறையக் குறையக் குருதி தடித்துக் கைகால் சோரும். பனியை அப்படியே விழுங்கினால் உடலின் வெப்பமே குறையும். ஆதலால் அங்கு எரிபொருள் உண்டாயின் தண்ணீர் உண்டு. அஃது இல்லையாயின் தண்ணீரும் இல்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அக்குழுவினர் மீண்டும் முயன்றனர். கடுங்குளிரும் சூறைக்காற்றும் அவர்களைத் துரத்தின. டென்சிங் மலையினின்று இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. பாட்னா நகரில் மருத்துவமனையில் பல நாள் கிடந்தார். உடல் எடையில் 16 பவுண்டு குறைந்தது. அந்நிலையில்தான், ஜான் ஹண்ட் என்பவர் தலைமையில் 1953இல் புறப்படவிருந்த ஆங்கிலேயர் குழுவினின்றும் அவருக்கு அழைப்பு வந்தது. அவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. மனைவியும் மக்களும் உடையவர். உடல் தேறாத நிலையில் மலைக்குச் செல்லலாகாது என்று மனைவியார் தடுத்ததில் வியப்பில்லை.

டென்சிங் செல்வதென்று துணிந்தார். துணிந்தபின் அவர் செய்தது என்ன? நாள்தோறும் விடியற்காலையில் எழுந்தார். முதுகுப்பை ஒன்றில் கற்களை நிரப்பிச் சுமந்துகொண்டு, டார்ஜிலிங்கைச் சூழ்ந்த குன்றுகளில் ஏறியிறங்கி நெடுந்தொலைவு நடந்தார். புகைத்தலையும் குடியையும் விலக்கினார். கேளிக்கை விருந்துகளுக்குச் செல்லாதிருந்தார். இவற்றைத் தம் வரலாற்றில் அவரே கூறியுள்ளார். கண்டோர் எவரும் புகழ்வதற்குரிய செயல் இதில் ஒன்றும் இல்லை. கற்சுமையோடு ஒருவர் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குவதைக் கண்டு கைதட்டுவார் யார்? ஆயினும், எவரெஸ்டின்மேல் வைத்த அடி அக்குன்றுகளில் தொடங்கியது என்றே யான் கருதுகின்றேன். என் இளமையில், தேர்வுக்கு முன்னர்ப் பல இரவு கண்விழித்து நூல்களை உருப்போட்டேன். தேர்வு நாளில் தலைவலியால், நன்கறிந்த பாட்டின் பொருளும் மறந்து விழித்தேன். உடலை மறந்த ஊக்கம் அன்று எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஹண்ட் குழுவில் கிரிபித் பியூ என்னும் உடலியல் அறிஞர் ஒருவர் இருந்தார். முன்னையோர் நீர் குறைவாகப் பருகி மெலிந்ததை ஆராய்ந்து, நாளொன்றுக்கு மூன்று லிட்டர் அளவேனும் ஒவ்வொருவரும் பருகவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதற்கேற்ப அடுப்பும் எண்ணெயும் மேலே கொண்டுசெல்லப்பட்டன. நேரிய காற்றுக்கு உடல் பழகும்பொருட்டு, குழுவினர் பெருமலையில் ஏறுமுன் சில வாரங்கள் தாழ்ந்த முடிகளில் ஏறியிறங்கினர்.

மே 26ஆம் நாள், போர்டிலன் என்பவரும் எவன்ஸ் என்பவரும் முதற்கண் அனுப்பப்பட்டனர். அவர்கள் பிற்பகல் ஒரு மணியளவில் தெற்குமுடியை அடைந்தனர். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. எவரெஸ்டின் உச்சி இன்னும் முந்நூறு அடி உயரத்தில் கண்ணெதிரே நின்றது. ஆனால், எவன்ஸின் பிராணவாயுக் கருவி பழுதுற்றிருந்தது, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. போர்டிலன் மேலும் ஏற விழைந்தார். ஏறினால் மீள்வது அரிது என்பதை மருத்துவராகிய எவன்ஸ் எடுத்துரைத்தார். இருவரும் திரும்பினர். உலகம் முழுதும் போற்றும் புகழை முந்நூறு அடியில் விட்டுத் திரும்புவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அதனையும் துணிவு என்னாது வேறு எப்பெயரால் அழைப்பது? அவர்கள் ஓரளவு காற்று எஞ்சிய இரண்டு பிராணவாயுக் குடுவைகளை வழியில் வைத்துவிட்டு இறங்கினர்.

மே 28ஆம் நாள் இரவு, டென்சிங்கும் நியூசிலாந்து நாட்டவராகிய எட்மண்ட் ஹில்லாரியும் 27,900 அடி உயரத்தில், சரிவான பாறைத்திட்டில் கூடாரம் அடித்துத் தங்கினர். குளிர் உறைநிலைக்கு 27 பாகை கீழே இருந்தது. இருவரும் அடுப்பை மூட்டிப் பனியை உருக்கி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த நீரை வேண்டிய அளவு பருகினர். பிஸ்கோத்தும் மீனும் பேரீச்சம்பழமும் தேனும் உண்டனர். ஓராண்டிற்கு முன் மெழுகுவத்திச் சுடரில் துளித்துளியாக நீர் உருக்கிய டென்சிங்கிற்கு அவ்விரவு எப்படித் தோன்றியிருக்கும்! வைகறையில் எழுந்தபோது, ஹில்லாரி கழற்றி வைத்திருந்த காலணிகள் கல்லாய் உறைந்திருந்தன. அடுப்பில் காட்டி அவற்றை இளக்குவதற்கு இரண்டு மணி நேரம் கழிந்தது. டென்சிங் தம் காலணிகளைக் கழற்றாமலே உறங்கியிருந்தார்.

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டனர். ஒன்பது மணிக்குத் தெற்குமுடியைக் கடந்தனர். பதினொன்றரை மணிக்கு, மேலே ஏறுவதற்கு இடமின்றி நின்றனர். டென்சிங் அங்கே பனியைத் தோண்டி, இனிப்புப் பண்டங்களையும், மகள் கொடுத்தனுப்பிய சிவப்பும் நீலமுமான பென்சிலையும் புதைத்தார். உச்சியில் அவர்கள் நின்றது கால்மணி நேரமே. ஏனெனில், பிராணவாயுவை அவர்கள் ஏறும்போதே கணக்கிட்டுக்கொண்டு வந்தனர். இறங்கும் வழியில் அவர்களுக்கு உதவியவை, போர்டிலனும் எவன்ஸும் விட்டுச்சென்ற குடுவைகளே. முந்நூறு அடியில் திரும்பிய அவ்விருவர்க்கும் இவ்வெற்றியிற் பங்கில்லை என்று யார் கூறுவார்?

கணவாயை நெருங்கியபோது, தோழராகிய ஜார்ஜ் லோ சூடான சூப்பு நிரம்பிய கலத்துடன் மேலேறி வந்து எதிர்கொண்டார். இருவரும் அதனை வாங்கிப் பருகினர்.

1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இமயமலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றியபோது, களப்பயிற்சியின் தலைவராக டென்சிங்கே அமர்ந்தார். 1986இல் அவர் மறைந்தார். அந்நிலையம் இன்றும் நடைபெறுகின்றது. கற்களைச் சுமந்து அவர் நடந்த அந்நகரில், பல மாநிலங்களினின்றும் வந்த இளைஞர்கள் முதுகிற் சுமையுடன் நடைபயில்கின்றனர்.